ஐந்து ஊர்க் குடிகாரன்

நான் குடித்தது ஒரே ஊரில். குடிகாரன் என்று பெயர் எடுத்தது ஐந்து ஊரில். அதுவும் குடியை விட்ட பிறகு. இப்படி ஒரு கொடுமை வேறு யாருக்காவது நடந்திருந்தால் என் கடைக்கு வந்து சொல்லட்டும், டீ வாங்கித் தருகிறேன்.

கடை திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கிறது. பரசுராமன் காயில் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். லாட்ஜ் மோட்டார், கிணற்று மோட்டார், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளின் தண்ணீர் மோட்டார், எது புகைந்தாலும் என்னிடம்தான் வரும். பழைய காயிலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவேன். ஒரு காலத்தில் என் கை இருந்த நடுக்கத்துக்கு ஒரு சுற்று ஒழுங்காக விழாது. காலையிலேயே ஊற்றிக்கொள்வேன். வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுக் குடித்தேன். என் பெண்டாட்டி அருணாதேவியைக் கை நீட்டி அடித்தும் இருக்கிறேன். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மறைக்க யாரும் விட்டதும் இல்லை.

என் பெண் தென்றலுக்கு அப்போது ஆறேழு வயது. நான் வாசலில் கால் வைத்ததும் ஓடிவந்து நிற்பாள். "ஊது" என்பாள். குனிந்து ஊதுவேன். மூக்கைச் சுளித்து மோந்து பார்த்துவிட்டு, "ம்மா, குடிச்சிட்டாரு" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அருணா எனக்குச் சோறு போடுவதா, கதவைச் சாத்துவதா என்று முடிவு பண்ணுவாள். நான் குடியை விட்ட பிறகும் ரொம்ப நாள் தென்றல் ஊதச் சொன்னாள். ஒருநாள் நான் உள்ளே வந்தபோது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கை கழுவினு வாப்பா, தோசை ஆறுது" என்றாள். ஊரார் ஆயிரம் கணக்கு வைத்திருக்கட்டும். அவள் கேட்பதை நிறுத்திய அந்த நாளைத்தான் நான் குடியை விட்ட நாளாக வைத்திருக்கிறேன்.

விட வைத்தவர் விமல்ராஜ் பாஸ்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்கள் தெருவில் ஒரு மாடியில் பத்துப் பேரை வைத்து ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார். சாக்கடை ஓரம் கிடந்த என்னைத் தூக்கிக் கழுவி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கை கால் உதறி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று நான் கத்திய நாட்களில் பெற்ற பிள்ளை மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரையும் கொடுத்தார்கள், இவர் ஜெபமும் பண்ணினார். எது கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மனுஷனுக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தகும். நான் மாட்டிக்கொண்டதும் அந்த நன்றியில்தான்.

சபையில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. அதுவரை அருணா பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவும் கூச்சப்படுகிறவள். முதல் தடவை மைக்கைப் பிடித்தபோது அவள் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. சொன்னாள். சபையே அழுதது. கடைசியில், "என் வீட்டுக்காரர் இங்கதான் உக்காந்துகினு இருக்காரு. எழும்பி நில்லுங்க" என்றாள். நின்றேன். கை தட்டினார்கள். நானும் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், அதுதான் தப்பு.

மாடி போதாமல் சபை ஒரு மண்டபத்துக்குப் போனது. அப்புறம் கிளைகள். வேங்கிக்காலில் முதல் கிளை, பிறகு கீழ்நாத்தூர், தானிப்பாடி, செங்கம், நடுவில் இன்னொரு ஊர் என்று ஐந்து ஆகிவிட்டது. பாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தகர ஷெட், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, அருணாவின் சாட்சி. இந்த நாலும் இருந்தால் கிளை திறந்துவிடலாம். சாட்சியைக் கேட்ட பொம்பளைகள் அடுத்த வாரம் தத்தம் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். விதைநெல்லை மூட்டை கட்டிக்கொண்டு போகிற மாதிரி எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். எழும்பி நில்லுங்க. நிற்பேன். ஊரே ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்க்கும்.

கிளை வளர வளரச் சாட்சியும் வளர்ந்தது. வேங்கிக்காலில் நான் மிக்ஸியை மட்டும்தான் விற்றேன். கீழ்நாத்தூரில் மிக்ஸியும் கிரைண்டரும். எங்கள் வீட்டில் கிரைண்டரே இருந்ததில்லை. தானிப்பாடியில் தாலி. செங்கத்தில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "கதவ தொறடி, எமன் வந்திருக்கேன்" என்று கதவை உதைத்தேன். அடப்பாவிகளா! நான் குடித்தால் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிற ஆள். எமனாம், அரிவாளாம். வேனில் வரும்போது கேட்டேன்.

"ஏன்டி அருணா, எமன்னு எப்போடி சொன்னேன் நான்?"

"சொல்லாட்டி இன்னா, அப்படித்தான இருந்துச்சி எனக்கு" என்றாள்.

அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக் பிடித்த பிறகுதான் அருணா ஆள் ஆனாள். ஊர் ஊராக அவளை "சிஸ்டர், சிஸ்டர்" என்று பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். அவள் தலையில் கை வைத்து ஜெபித்தால் போதும் என்று வரிசையில் நிற்பார்கள். நான் அவளிடமிருந்து பறித்ததெல்லாம் அந்த மைக் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

சரி, நான் போகாமலாவது இருக்கலாம் என்று ஒரு தடவை காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும் சபைப் பெரியவர்களான நாலு மூப்பர்களும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். இருமல் மருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார் ஒருவர். கோபத்தில் கத்தினேன். "பழைய மனுஷன் எட்டிப் பாக்குறான் பாருங்க" என்று கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போகாவிட்டால் குடித்திருக்கிறான். கோபப்பட்டால் குடிக்கப் போகிறான். போய் நின்றால் குடித்தவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். கடையிலும் நிம்மதி இல்லை. மோட்டார் கொண்டுவருகிற செங்கத்து ஆள், "நீங்கதான அந்த எமன் அண்ணன்?" என்று சிரித்த முகத்தோடு கேட்பான்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. என் கவலை தென்றல். லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். இருபத்து நாலு வயது. வந்த இரண்டு வரன்களும் எங்கேயோ ஒரு கிளையில் சாட்சியைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாயே என் வீட்டு வாயாக இருந்தால் யாரைப் போய் நோவது?

அதனால்தான் மூன்றாவது வரன் பேசத் தருமன் என்கிறவரைப் பாஸ்டர் கூட்டிவந்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலைக்காரர், பூ விவசாயம். கிரிவலப் பாதைக்கு உள்ளடங்கிய தெருவில் சொந்தமாக ஒரு ஷெட் இருந்தது. ஆறாவது கிளைக்கு அதைக் கொடுக்கிறார் என்று பாஸ்டர் சொன்னார். மகன் புகழேந்தியும் வந்திருந்தான். லோடு வேன் ஓட்டுகிறவன், பார்க்க லட்சணமாக இருந்தான். இவர்களுக்குச் சாட்சி தெரியுமோ, தெரியாதோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

தென்றல் டீ கொண்டுவந்து வைத்தாள். புகழேந்தி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அப்படியும் தளும்பியது. பாதி டீயில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு. வாடையை மறைக்கக் கன்னத்தில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். இது வாரத்துக்கு ஒருநாள் ஆள் இல்லை, விடிந்ததும் தேடுகிற ஆள்.

தருமன் மறைக்கவே இல்லை. அவரே சொன்னார்.

"நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளு சம்பந்தி. பையன் கொஞ்சம் குடிப்பான். ஜாஸ்தி இல்ல, கம்மிதான். கீழ்நாத்தூர்ல உங்க வீட்டம்மா சாட்சியக் கேட்டேன் பாருங்க, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். பொண்ணு எடுத்தா இந்த வீட்லதான். உங்களையே மாத்தின அம்மா வளத்த பொண்ணு, என் புள்ளைய மாத்தாதா?"

சாட்சியைக் கேட்டு ஓடியவர்களைத்தான் எனக்குத் தெரியும். சாட்சியைக் கேட்டுப் பெண் கேட்டு வருகிறவரை அன்றுதான் பார்த்தேன். அருணா, "ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடினாள். பாஸ்டரும் மூடினார். புகழேந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தென்றல் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அவர்கள் போனதும் சொன்னேன்.

"இது வேணாம் அருணா. அவன் முழுக் குடிகாரன். கிளாஸ எப்படிப் புடிச்சான் பாத்தியா?"

"நீங்க அப்படிப் புடிக்கலயா?"

"அதனாலதான்டி சொல்றேன்!"

"உங்கள மாத்தினவருக்கு அந்தப் புள்ளைய மாத்தறது கஷ்டமா? சொல்லுங்க. முடியாதுன்னு உங்க வாயால சொல்லுங்க பாப்போம்."

எப்படிச் சொல்வது? முடியாது என்றால் என்னை நானே பொய் என்று சொல்லவேண்டும். முடியும் என்றால் என் பெண்ணை நானே தூக்கிக் கொடுக்கவேண்டும். பாஸ்டரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மத்தவங்க சொன்னா பரவால்ல. நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! எந்தப் பக்கம் போனாலும் என் கதையையே தடியாக எடுத்து என்னை அடித்தார்கள்.

தென்றலும் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். அவள் மனம் இளகுவதற்கு அருணா உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பாயில் கிடந்து ஜெபித்தாள். பெற்ற தாய் கண் முன்னால் வாடிக் கிடந்தால் எந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கும்? ஒரு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தென்றல், போகாமல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ப்பா, ஒண்ணு கேக்கறேன். எத்தினி வருஷம்?"

"இன்னா எத்தினி வருஷம்?"

"கல்யாணம் ஆயி நீ குடிய வுடற வரைக்கும் அம்மா எத்தினி வருஷம் காத்துகினு இருந்துச்சி?"

"பதினாறு."

அவள் விரலை மடக்கவில்லை. மனசுக்குள் கூட்டிவிட்டாள் போலிருக்கிறது.

"அப்ப எனக்கு நாப்பது வயசு ஆயிடும்" என்றாள். அழவில்லை. ரிப்போர்ட் படிக்கிற மாதிரி சொன்னாள். "நான் சரின்னு சொல்லிட்டேன்ப்பா. அம்மா இன்னிக்கு கஞ்சி குடிச்சிச்சி."

டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சோற்றை நான் தொடவில்லை. பதினாறு வருஷம் அருணா எப்படி இருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாட்சியில் கேட்டதெல்லாம் எமனும் அரிவாளும். இந்தக் காத்திருப்பை அவள் எந்தக் கிளையிலும் சொன்னதில்லை.

ஆறாவது கிளையின் பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. சாட்சி முடிந்ததும் அதே மேடையில் நிச்சயத்தை அறிவிப்பதாக ஏற்பாடு. தருமன் அவர் பக்கத்து ஆட்களையெல்லாம் அழைத்திருந்தார். அன்று அறிவித்துவிட்டால் பிறகு பிரம்மதேவனாலும் அவிழ்க்க முடியாது. பிரம்மதேவனை இழுத்ததற்குப் பாஸ்டர் மன்னிக்கட்டும், சின்ன வயசில் வந்த வாய் அது.

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் நிற்பது எதன் மேல்? என் சாட்சி மேல். நான் மாறினவன் என்பதால்தான் தருமன் வந்தார். அப்படியானால் எதைச் சாய்த்தால் கல்யாணம் சாயும் என்பதற்குப் படித்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் மோட்டாரில் தினமும் செய்கிற வேலைதான். எரிந்த காயிலைப் பிரிக்காமல் புதுசு சுற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நீங்க வேன்ல முன்னாடி போங்க, ஒரு லாட்ஜ்ல மோட்டார் நின்னு போச்சாம், பாத்துட்டு ஆட்டோவுல வந்துடறேன்" என்றேன். அருணா வெள்ளைப் புடவையில் தயாராக நின்றாள். "சாட்சி நேரத்துக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். தென்றலுக்குப் பட்டு கட்டிவிட்டிருந்தார்கள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

குடியை விட்ட இந்த ஒன்பது வருஷமாக, முன்பு நான் குடித்த ஒயின்ஷாப் இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்று நேராகப் போய் நின்றேன். வேங்கிக்கால் கிளையில் கீபோர்டு வாசிக்கிற பையனுடைய மாமன் எதிரில் வந்தார். என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். பார்க்கட்டும், நாலு பேரிடம் சொல்லட்டும் என்று ஒரு குவார்ட்டர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

மூடியைத் திருகியதும் அந்த வாசம் மூக்கில் ஏறியது. நாக்கு ஊறியது. பொய் சொல்லமாட்டேன், அப்படி ஊறியது. ஒரு வாய் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. நடிக்கத்தானே போகிறாய், கொஞ்சம் உள்ளே போனால் நடிப்பு நன்றாக இருக்குமே என்று ஒரு குரல் நியாயம் பேசியது. பழைய கூட்டாளி அந்தக் குரல், எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டில் என் உதடு வரைக்கும் வந்தது. அப்போது என் கையைப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

சட்டையில் ஊற்றினேன். தோளில், மார்பில், தலைமுடியில். மீதியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஓவென்று அழுதேன். பிறகு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பெருசு, வாந்தி கீந்தி எடுத்துடாத" என்றார்.

அடி அண்ணாமலையில் ஷெட்டுக்கு முன்னால் சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். நாற்காலி போதாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அருணாவின் குரல் கணீரென்று கேட்டது. மிக்ஸி, கிரைண்டர், தாலி எல்லாம் முடிந்து அரிவாளுக்கு வந்திருந்தாள். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி நடிப்பது என்று அதுவரை யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை, ஐந்து கிளையாக அவள் சொல்லிக் கொடுத்த ஆள் ஒருவன் தயாராக இருந்தான்.

"அந்த மனுஷனை இன்னிக்கு ஆண்டவர் எப்படி வெச்சிருக்காருன்னு நீங்களே பாருங்க" என்றாள் அருணா. "எழும்பி நில்லுங்க." என்னைத் தேடினாள்.

"கதவ தொறடி!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். "எமன் வந்திருக்கேன்!"

ஷெட்டுக்குக் கதவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. வழியில் இரண்டு நாற்காலியைத் தள்ளினேன். வாசம் முன்னால் போய் வழி விலக்கியது. பொம்பளைகள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். தருமன் முன்வரிசையில் மாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் கை போட்டேன்.

"சம்பந்தி! மாப்ள எங்க? கூப்புடு. இனிமே தெனம் ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தான். மாமன் வீட்டுக்கு வந்தா ஒரு கொறையும் வெக்கமாட்டேன்!"

தருமன் என் கையைப் பூரானைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு எழுந்தார். "இதான் மாறின ஆளா?" என்று பாஸ்டரைக் கேட்டார். "என் புள்ளைய இந்த ஆளு கையில குடுத்து ஒரேடியா கெடுத்துக்கவா? கல்யாணப் பேச்சு இத்தோட வுட்டுடுங்க. ஷெட்ட வெச்சிக்கங்க, அது ஆண்டவருக்குக் குடுத்தது, அதுல நான் வாக்கு மாறமாட்டேன்."

அது போதும், வந்த வேலை முடிந்தது. திரும்பியிருக்கலாம். அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். அருணா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கியது, முதல் நாள் நடுங்கிய மாதிரி. அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டேன்.

என்னைத் தூக்கியது புகழேந்தி. கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து ஆட்டோ பக்கம் நடத்தினான். ஆள் இல்லாத இடம் வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, கண்ணு செவக்கல உங்களுக்கு. கால ஆட்டி ஆட்டி வெக்கிறீங்க, ஆனா ஒரு கல்லுகூட தடுக்கல."

நான் நடையை நேராக்கினேன்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நானும் வேணாம்னுதான் சொன்னேன். எவன் கேக்கறான்? பொண்ணு வந்தா சரியாயிடும், பொண்ணு வந்தா சரியாயிடும்னே சொல்லிகினு இருக்காங்க."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நாளைக்குக் கடைக்கு வா. உங்க அப்பனுக்குச் சொல்லாத. என்னைச் சேத்த ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டினு போறேன்" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வேன் வந்த சத்தம் கேட்டது. அருணா என்னைத் திட்டவில்லை, கிட்டேயே வரவில்லை. அடுக்களைக்குப் போனாள். நான் குடியை விட்ட பிறகு வாங்கிக் கொடுத்த புது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பாஸ்டர் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்றத்தைப் பற்றிக் கவலைப்படாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிடித்த மாதிரியே. அவரிடமாவது சொல்லலாமா? சொன்னால் அருணா படுகிற பாட்டைப் பார்த்து அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அருணாவிடம் போனால் மைக்குக்குப் போன மாதிரி. மைக்குக்குப் போனால் தருமன் மறுபடியும் மாலையோடு வாசலில் நிற்பார்.

"மனசு வுட்டுடாதீங்க அண்ணே" என்றார். "விழுந்தவன் எழும்பறதுதான் பெரிய சாட்சி. ஏழாவது கிளைக்கு மங்கலத்துல எடம் பாத்திருக்கேன். அதுக்குள்ள எழும்பிடுவீங்க. சிஸ்டரும் நீங்களும்தான் வரணும்."

ஐயோ சாமி. எமனுக்கு இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. சரி என்று தலையாட்டினேன். வேறு எந்தப் பக்கம் ஆட்டுவது?

அவர் போன பிறகு தென்றல் வந்தாள். பட்டுப்புடவையை மாற்றவில்லை, தலையில் பூ அப்படியே இருந்தது. எதிரில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"ஊது" என்றாள்.

தலையைத் திருப்பிக்கொண்டேன். தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஊதுப்பா."

ஊதினேன். மூக்கைச் சுளிக்காமல் மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினேன். மத்தியானம் தின்ற கருவாட்டுக் குழம்பைத் தவிர அந்த வாயில் ஒன்றுமே இருந்திருக்காது. அவள் முகம் அப்படியே உடைந்துபோனது. சத்தம் வெளியே வராமல் என் சட்டையை, அந்த நாறுகிற சட்டையை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெற்றியை என் தோளில் முட்டினாள். அவள் உடம்பு குலுங்கியது.

உள்ளேயிருந்து அருணாவின் குரல் வந்தது. ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல்.

"ஏ தென்றல், மோந்து பாத்தியா?"

தென்றல் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சட்டையை விடாமலே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ம்மா, குடிச்சிட்டாரு."